சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

"ரெண்டே சீட்டா?"

சம்பூர்ணம் மூன்றாவது முறையாகக் கேட்டாள். முதல் முறை சிரித்துக்கொண்டு கேட்டாள். இரண்டாவது முறை முறைத்துக்கொண்டு கேட்டாள். இப்போது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலை அடைத்து நின்று கேட்கிறாள்.

பரிமளாவின் கணவர் தேசப்பனின் அக்கா அவள். கோவளம் மீனவர் குப்பத்தில் தம்பி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறாள். அந்த நாலு வீட்டுத் தூரம், பரிமளாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒருநாள்கூடப் போதுமானதாக இருந்ததில்லை.

"ரெண்டே சீட்டுதாங்கக்கா," என்றாள் பரிமளா. கூடையில் எலுமிச்சம்பழங்களை அள்ளிப் போட்டாள். ஒன்று உருண்டு சம்பூர்ணத்தின் காலடியில் போய் நின்றது.

"நாளைக்கு எழிலுக்குக் கல்யாணம் ஆவும், மருமவ வருவா. அவங்கள்லாம் இன்னா, பின்னாடி ஓடியாருவாங்களா? அதுவும் கூரை இல்லாத காராம்! மழை வந்தா இன்னாடி பண்ணுவீங்க?"

"நனைவோம்."

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இருபத்தெட்டு வருசமா உங்க தம்பி போட்டுல எனக்கு ஒரு எடம் கெடைக்கல. பொம்பள ஏறுனா தொழிலுக்கு ஆவாதுன்னு நீங்கதான சொன்னீங்க? இந்தக் கார்ல எனக்குன்னு ஒரு சீட்டு கீது. வழிய வுடுங்கக்கா, நேரமாவுது."

சம்பூர்ணம் வழியை விடவில்லை. குரலை இறக்கினாள். அவள் குரலை இறக்கினால்தான் ஆபத்து.

"ஞாயித்துக்கெழம சின்னவன் ஜெயக்குமாரு புது போட்ட எறக்குறான். மூத்தவன் சுக்கான் புடிக்காத போட்டு நம்ம வூட்ல வெளங்கினதில்ல. அத மறக்கடிக்கத்தான இந்த காரு?"

அப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வாள்? ஆமாம், அதற்குத்தான்.

வாரா வாரம் இந்தக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். நடுவழியில் ஏறியவர்களுக்காக ஒரு வார்த்தை.

போன ஐப்பசியில் நடுக்கடலில் தேசப்பனுக்கு நெஞ்சு வலித்தது. தம்பி ஜெயக்குமார் வலையை அறுத்துவிட்டுப் போட்டைத் திருப்பினான். அவன் கரைக்கு வந்து சேர்வதற்குள் பரிமளா மணலில் நின்று செத்துச் செத்துப் பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். "கடலுக்குப் போகக் கூடாது, வலை இழுக்கக் கூடாது. நடங்க, வண்டி ஓட்டுங்க, நார்மலா இருங்க," என்றார் டாக்டர்.

நார்மலாம்! பதினாறு வயதிலிருந்து கடலில் கிடந்த மனிதருக்கு வீடு எப்படி நார்மல் ஆகும்? குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் கரைக்கும் அலைந்தார். விடிவதற்கு முன் எழுந்து போய், மற்றவர்கள் போட்டைத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டில் உப்பில்லை என்றார், உப்பு போட்டால் கரிக்கிறது என்றார்.

அப்போதுதான் மகன் எழில் ஒரு காரியம் செய்தான். கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கூட்டிப் போனான். பந்தயக்காரர்கள் மட்டுமல்ல, சாதாரண ஜனங்களும் சொந்த வண்டியில் சுற்றலாம் என்று ஒரு நாள் விட்டிருந்தார்கள். யாரோ ஒரு நண்பன் தன் வண்டியைக் கொடுக்க, தேசப்பன் சில சுற்று ஓட்டினார்.

வீட்டுக்கு வந்தவரின் முகத்தைப் பார்த்துப் பரிமளாவுக்கு அடுப்பில் இருந்த குழம்பே மறந்துவிட்டது.

"பரிமளா, வளைவுல வண்டிய ஒடிச்சுத் திருப்புறப்ப, பெரிய அலையில மூக்க வெட்டித் திருப்புற மாதிரியே கீதுடி!"

அன்றைக்கு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். மறுநாள் கரைக்குப் போகவில்லை. அந்த ஒரு நாளைப் பரிமளா பிடித்துக்கொண்டாள். "கூரை இருந்தா இந்த மனுசனுக்கு மூச்சு முட்டும். கூரை இல்லாம, குள்ளமா, வெல கொறச்சலா ஒரு பழைய வண்டி பாருடா," என்று மகனை அரித்தெடுத்தாள்.

"ம்மா, நெஞ்சு வலிக்காரருக்கு ரேஸ் டிராக்காம்மா?" என்றான் எழில்.

"டாக்டரக் கேட்டுட்டேன். அளவா ஓட்டுனா ஓட்டலாம்னாரு. டிராக்குல ஆம்புலன்ஸ் நிக்குதில்ல? கடல்ல இன்னாடா நிக்குது?"

மகன் மசிந்தான். வண்டி தேடினான். கோவாப் பக்கம் ஒரு காலத்தில் கொஞ்ச நாள் செய்து நிறுத்திவிட்ட ரெண்டு சீட்டு ஃபைபர் பாடி வண்டி ஒன்று செங்கல்பட்டில் விலைக்கு இருந்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. போட்டு இறங்குவது நாளை மறுநாள். அதற்குள் அவர் மனசை வண்டி பிடித்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை சுக்கானைத் தொட்டுவிட்டால், திங்கள்கிழமையும் தொடுவார். அவரைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

பரிமளா குனிந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு, சம்பூர்ணத்தின் கைக்கு அடியில் புகுந்து வெளியேறினாள்.

கேளம்பாக்கத்தில் பஸ் பிடித்தபோதே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருப்போரூரில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி டீ குடித்தார். "ஊர்ல கீற டீயெல்லாம் இவருதான் குடிச்சி முடிக்கணும்," என்று முணுமுணுத்தாள். பக்கத்தில் தேசப்பன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. ஜெயக்குமார். எடுத்து, "அப்பறம் பேசறேன்டா," என்று வைத்தார். வைத்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து எழில் கூப்பிட்டான், பரிமளாவின் போனுக்கு.

"ம்மா, கூடுவாஞ்சேரில என் ஃப்ரெண்டு ஒருத்தன், மெக்கானிக். பன்னெண்டு மணிக்கு மேல வந்து வண்டியப் பார்த்துத் தரேன்றான். அவன் பார்த்துட்ட பெறவு முடிவு பண்ணலாம்."

"பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். பன்னெண்டு வரைக்கும் நல்ல காரியம் பேச முடியாது. பத்தரைக்குள்ள கை குடுத்துடணும்."

"அப்ப பன்னெண்டுக்கு அப்பறமே குடுக்கலாமே?"

"அதுக்குள்ள வேற எவனாவது கொத்திக்கினு போயிடுவான். ஃபைபர் பாடிதான? அத உங்க நைனா பார்க்காததா? நீ நேரா அங்க வந்து சேரு."

வேறு எவன் வரப் போகிறான் அந்தப் பழைய வண்டிக்கு? அவளுடைய பயம் அதுவல்ல. காத்திருக்கும் நேரத்தில் ஜெயக்குமார் இன்னும் எத்தனை தடவை கூப்பிடுவானோ என்பதுதான் பயம். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பரிமளா பதறினாள்.

செங்கல்பட்டில் மார்க்கெட்டைத் தாண்டும்போது வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த வாசலில்தான் போன தை மாதம் அவளுடைய குட்டியானை, மீன் ஏற்றி வரும் சின்ன வேன், நடு முதுகு உடைந்து உட்கார்ந்தது. வருஷக்கணக்காக ஐஸ் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் சொட்டிச் சொட்டி, அடியில் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸ் இற்றுப் போயிருந்தது யாருக்கும் தெரியவில்லை. கூடை கூடையாய் சங்கரா மீன் ரோட்டில் கொட்டியது. ஊர்க் காக்காய்களுக்கு அன்றைக்குக் கல்யாணச் சாப்பாடு.

ஏரிக்கரைப் பக்கம் வீடு. திருநாவுக்கரசு வாசலுக்கே வந்து வரவேற்றார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, தொட்டதற்கெல்லாம் கைகூப்புகிற மனிதர்.

"வாங்கம்மா, வாங்க. மாமல்லபுரத்துல பீச் ஓரமா கெஸ்ட் ஹவுஸ் வெச்சிருந்தோம். வண்டி அங்கதான் நின்னுச்சு, பத்துப் பன்னெண்டு வருஷமா. பையன் ஆசைப்பட்டு வாங்கினது. அவன் வெளிநாடு போயிட்டான். எனக்கு அதுல உட்கார்ந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்."

அவர் எதையும் மறைக்கவில்லை. கடலோரம் நின்ற வண்டி என்று வாயாலேயே சொன்னார். அதற்கு தேசப்பன் சொன்னார் பாருங்கள் ஒரு பதில்:

"கடக்காத்து ஃபைபர ஒண்ணும் பண்ணாது சார். எங்க போட்டெல்லாம் அதுலயேதான ஊறிக்கினு கீது!"

பரிமளாவும் தலையை ஆட்டினாள்.

தார்ப்பாயை விலக்கினார்கள். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். வெயிலில் வெளுத்து, துவைத்துத் துவைத்துப் போன புடவை மாதிரி ஒரு ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தது. மேல் துணி கிழிந்திருந்தது. ஆனால் குள்ளமாக, நீள மூக்கோடு, மணலில் ஏற்றி வைத்த போட்டு போலவே நின்றது. தேசப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்தில் போனார்.

எழில் பைக்கில் வந்து இறங்கியபோது அப்பா வண்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். விரல் முட்டியால் மூக்கிலிருந்து வால் வரை தட்டிக்கொண்டே, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நகர்ந்தார். பழைய ஃபைபர் போட்டு வாங்கப் போனால் கரையில் எல்லோரும் செய்வது அதுதான். நல்ல இடம் 'டக் டக்' என்று பேசும். உள்ளே தண்ணீர் ஏறிப் பிரிந்த இடம் 'பொத் பொத்' என்று முனகும்.

"இங்க ஒரு ஒட்டு போட்டிருக்காங்க," என்றார், பின் சக்கரத்துக்கு மேலே நிறுத்தி. "நல்ல கைக்காரன் போட்ட ஒட்டு."

"அட, ஆமாங்க! ஒருதடவை மாடு முட்டிடுச்சு," என்று திருநாவுக்கரசு வாயைப் பிளந்தார்.

"ஒரு பக்கெட்டு தண்ணி குடுங்க சார்."

கழுவத்தான் கேட்கிறார் என்று கொண்டுவந்து கொடுத்தார் அந்த நல்ல மனிதர். தேசப்பன் கால் மிதியை எடுத்துப் போட்டுவிட்டு, மொத்தத் தண்ணீரையும் வண்டிக்குள்ளே ஊற்றினார்.

"ஐயய்யோ! என்னங்க பண்றீங்க?"

"ஒழுவுதான்னு பார்க்கணுமில்ல?"

எழில் தலையில் கையை வைத்துக்கொண்டான். பரிமளா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தேசப்பன் மட்டும் கருமமே கண்ணாக வண்டிக்கு வெளியே குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தார். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

"பார்த்தியாடா? குண்டு மாதிரி கீது!"

"நைனா, இது போட்டு இல்ல. மெக்கானிக் வந்து ஒருதடவ அடியில..."

"எழிலு," என்றாள் பரிமளா. அவள் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. பத்து இருபது.

தண்ணீரைத் துடைத்து, இஞ்சினைக் கிளப்பி, ஏரிக்கரை ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார் தேசப்பன். திரும்பி வந்தவர் இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே வலது கையை நீட்டினார். திருநாவுக்கரசு அந்தக் கையைப் பிடித்தார். கரையில் கை கொடுத்துவிட்டால் பேச்சு மாறக் கூடாது. கொடுக்க வேண்டியதைப் பரிமளா மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பத்து இருபத்தெட்டு. ராகு காலத்தை ஜெயித்தாயிற்று.

இனி எலுமிச்சம்பழம்தான் பாக்கி.

நாலு சக்கரத்தடியிலும் ஒவ்வொன்று வைத்து, அதன்மேல் ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். கண்ணேறு அதோடு போகும். முன் சக்கரம் இரண்டுக்கும் வைத்தாள். பின்னால் வந்து மூன்றாவதை வைத்தாள். மேலே தேசப்பனின் போன் அடித்தது.

"சொல்லுடா ஜெயக்குமாரு."

பரிமளாவின் கை நின்றது. கையிலிருந்த பழம் நழுவி வண்டிக்கு அடியில் உருண்டது.

"இல்லடா தம்பி. ஞாயித்துக்கெழம வேற ஆளப் புட்சிக்கோ. நான் வரல. கேக்குதா? வரலடா! காரு வாங்கிட்டேன்!" என்று சிரித்தார். ஐப்பசிக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை.

இதற்காகத்தானே இத்தனை நாளும் தவம் கிடந்தாள்! கண் நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே மண்டியிட்டு, பழத்துக்காக வண்டிக்கு அடியில் கையை விட்டாள். புறங்கை எதிலோ உரசியது. பொலபொலவென்று ஏதோ உதிர்ந்தது.

குனிந்து பார்த்தாள்.

சேஸிஸ். பழுப்பாக, தோல் தோலாக உரிந்து நின்றது. கட்டை விரலால் அழுத்தினாள். அப்பளம் நொறுங்குகிற மாதிரி விரல் உள்ளே போயிற்று.

ஃபைபர் துருப்பிடிக்காதுதான். போட்டுக்கு மேலிருந்து அடிவரைக்கும் ஃபைபர்தான், தட்டினால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். காருக்கு ஃபைபர் வெறும் சட்டை. உள்ளே எலும்பு இரும்பு. முப்பது வருஷம் போட்டைப் பார்த்த கண்ணுக்கு அது தோன்றவில்லை. உப்பில் இற்று முதுகொடிந்த வேனின் சொந்தக்காரிக்காவது தோன்றியிருக்க வேண்டும். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, பழத்த வெச்சியா, நட்டியா?" என்றார் மேலிருந்து.

சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால் போதும். திறந்தால், அதே போனை எடுத்து அதே தம்பியைக் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை போட்டு. சொல்லாவிட்டால், என்றைக்கோ ஒரு வளைவில் இந்த வண்டி. இரண்டில் எதில் அவரை விடுவது?

பரிமளா கையில் இருந்த துருவை முந்தானையில் துடைத்தாள். நாலாவது பழத்தை வைத்தாள். எழுந்தாள்.

"வெச்சிட்டேன். எடு."

'சப்' என்று நாலும் நசுங்கின. எழில் பேப்பர் வேலையை முடித்துவிட்டுப் பின்னாலேயே பைக்கில் வருவதாகச் சொன்னான். பரிமளா அந்தக் கதவைத் திறந்து, முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தாள். முழங்கால் மூக்கை இடித்தது.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் வண்டி போனது. பஸ் டயர் காதுக்கு நேராகச் சுற்றியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்திக்கொண்டே கையசைத்தார்கள். தேசப்பன் பதிலுக்குக் கையசைத்தார், சீட்டியடித்தார். கல்யாணமான புதிதில் அடிப்பாரே, அந்தச் சீட்டி.

"மெதுவாப் போய்யா."

"மெதுவாத்தான்டி போறேன்."

திருக்கழுக்குன்றம் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மலை வந்தது, கோயில் வந்தது, போயிற்று. பூஞ்சேரி கூட்டுரோட்டில் சொல்லலாம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவளுக்குக் கீழே 'நரக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவருக்கு அது கேட்கவில்லை. அவருக்குக் காற்றுதான் கேட்டது. இடது கையால் கதவையும் வலது கையால் அவர் சட்டை நுனியையும் பிடித்துக்கொண்டாள். மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. இப்போது, இல்லை, அந்தக் கடையைத் தாண்டியதும், இல்லை, சிக்னலில். பூஞ்சேரியும் போயிற்று.

மாமல்லபுரத்தைத் தாண்டி ஈ.சி.ஆரில் ஏறியதும் வலது பக்கம் கடல் விரிந்தது. தேசப்பன் வழக்கமாகக் கடலைப் பார்த்தால் பெருமூச்சு விடுவார். இன்றைக்கு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அடுத்த மாசம் டிராக்குக்கு வுடறோம் இவள. நீயும் பக்கத்துல உக்காரு. வளைவுல எப்டித் திரும்பறான்னு காட்டறேன். இப்பவே கொஞ்சம் காட்டட்டுமா? புட்சிக்கோ!"

வண்டி சீறியது. ஸ்டியரிங்கை ஒரு வெட்டு வெட்டினார். கீழே 'நரக்' என்றது கொஞ்சம் நீளமாகவே கேட்டது.

"நிறுத்துய்யா!"

"இன்னாடி?"

"நிறுத்துன்றேன்ல! நிறுத்து!"

அவள் போட்ட கூச்சலில் பட்டிபுலம் சவுக்குத் தோப்போரமாக வண்டி மணலில் இறங்கி நின்றது. பரிமளா அவர் பக்கம் திரும்பினாள். முந்தானையை விரித்துக் காட்டினாள். வெளிர்மஞ்சள் புடவையில் பழுப்புக் கறை.

"சேஸிஸ் இத்துப் போயிருக்குய்யா. என் குட்டியானைக்கு ஆன மாதிரியே."

தேசப்பன் இறங்கினார். புதுச் சட்டையோடு மணலில் மல்லாந்து படுத்து, தலையை வண்டிக்குக் கீழே விட்டார். கட்டை விரலால் அங்கங்கே அழுத்திப் பார்த்தார். வெளியே வந்தபோது முகமெல்லாம் துரு.

"இத எப்போ பார்த்த?"

"எலுமிச்சம்பழம் வைக்கறப்போ."

"அங்கியே ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ ஜெயக்குமாரு போட்டுல ஏறிடுவன்னு பயம்."

"ஓ! அதுக்கு, இந்த ஒடஞ்ச வண்டியில வுட்டு என்னச் சாவடிச்சிடலாம்னு பார்த்தியா?"

"சாவடிக்கறதுன்னா நான் எதுக்குய்யா ஏறுனேன்?" பரிமளாவும் வண்டியை விட்டு இறங்கி வந்தாள். "சொல்லவும் தைரியம் இல்ல, உன்னத் தனியா அனுப்பவும் மனசு வரல. ஆனது ஆவட்டும்னு பக்கத்துல வந்து உக்காந்துட்டேன். நான் பண்ணது தப்புதான். அவசரப்பட்டதும் தப்பு, மறைச்சதும் தப்பு. திட்டு."

அவர் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, இப்போது கடலைப் பார்த்து நின்றார்.

எழில் வந்து சேர்ந்தான். பார்த்தான். "அப்பவே சொன்னேன்," என்று ஆரம்பித்து, அம்மாவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

"அந்த மெக்கானிக் ஃப்ரெண்டுகிட்ட சொல்லி வெல்டிங் பண்ணிடலாம் நைனா. பாடியக் கழட்டி, கீழ புதுசா இரும்பு குடுத்து... ஒரு மூணு மாசம் ஆவும்."

"மூணு மாசம்!" தேசப்பன் திரும்பினார். "மூணு மாசம் நான் வூட்ல உக்காந்து செவுத்தப் பார்த்துக்கினு கெடக்கணுமா? என்னால ஆவாதுடா. இன்னிக்கு ஒரு நாள் காத்து பட்டுச்சு, அதுவும் போச்சு. வண்டியும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்."

போனை எடுத்தார். அலைச் சத்தத்தில் பேசிப் பழகியவருக்குப் போனைக் காதில் வைத்துப் பேச வராது, எப்போதும் ஸ்பீக்கர்தான். ஜெயக்குமாரின் குரல் சவுக்குத் தோப்பு முழுக்கக் கேட்டது.

"சொல்லுண்ணா!"

தேசப்பன் வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்குள் போன் பரிமளாவின் கையில் இருந்தது. எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"ஜெயக்குமாரு, அண்ணி பேசறேன். ஞாயித்துக்கெழம உங்கண்ணன் சுக்கான் புடிக்க வராரு."

"மெய்யாலுமா அண்ணி? நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். போட்டுல எனக்கும் ஒரு எடம் வுட்டு வை. நானும் ஏறுறேன்."

அந்தப் பக்கம் புது போட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. சுத்தியல் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. அதற்கப்புறம் தூரத்திலிருந்து சம்பூர்ணத்தின் குரல் வந்தது. "இன்னாவாம்? யாரு? இவளா? புது போட்டுலயா? அடிப் பாவி..."

"அக்கா அங்கதான் கீதா? நல்லதாப் போச்சு. தனியா வந்து சொல்ல வேண்டியதில்ல," என்றாள் பரிமளா.

"பைத்தியமாடி உனக்கு?" தேசப்பன் அவள் தோளைப் பிடித்தார். "பொம்பள ஏறுனா ஒருத்தன் அந்த போட்டுல தொழிலுக்கு வருவானா? தம்பி பொழப்பே போயிடும்டி."

"அப்ப நீ ஏறாத. நீ ஏறலன்னா நானும் ஏறல."

"பரிமளா..."

"ஐப்பசில கரையில நின்னேன்ல, அந்த மாதிரி இன்னொரு வாட்டி என்னால நிக்க முடியாது. இனிமே நீ எதுல ஏறுனாலும் அதுல நான் கீறேன். காரா இருந்தாலும் சரி, போட்டா இருந்தாலும் சரி. யோசிச்சிக்கோ. ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் நேரம் கீது."

போனை அவர் உள்ளங்கையில் திணித்தாள். ஜெயக்குமார் "அண்ணா... அண்ணா..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். தேசப்பன் போனைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

பரிமளா கார் கதவைத் திறந்து, முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். வண்டி எங்கேயும் போக வேண்டியதில்லை; அவர் வந்து பக்கத்தில் உட்கார்வதற்காகக் காத்திருந்தாள்.